ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு: எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள்

மதிப்பிற்குரிய உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

முதுகுளத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊரில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. 2025-26 கல்வியாண்டோடு எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பது பேர் வெளியே போகிறார்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து நடத்துகிற சின்னப் பள்ளி என்பதால் மூன்று வருடமும் இவர்களுக்கு வகுப்பாசிரியை நான்தான். ஜூன் மாதம் உங்களிடம் வருவார்கள். கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்கும். அதில் நடத்தையும் பண்பும் என்கிற இடத்தில் ஒன்பது பேருக்கும் 'நன்று' என்று எழுதியிருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். நீங்களும் அப்படித்தான் எழுதி அனுப்புகிறீர்கள். பெயரையும் பிறந்த தேதியையும் விட்டால் அந்தத் தாளில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையிடமிருந்து பிரித்துக் காட்டுவது அங்க அடையாளங்கள்தான். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம். அவ்வளவே.

அதற்கு மேல் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. நேரில் வந்து சொல்லலாம் என்றால் ஜூன் முதல் வாரம் சேர்க்கை, புத்தகம், மாணவர் விவரத்தைக் கணினியில் ஏற்றுகிற எமிஸ் என்று உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அதோடு, உங்களிடம் வருவது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமா? சுற்றுவட்டாரத்து நடுநிலைப் பள்ளிகள் அத்தனையும் எட்டாம் வகுப்பை முடித்து உங்கள் வாசலுக்குத்தான் அனுப்புகின்றன. அதனால் பொதுவில் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதால் பெயர் போடவில்லை. யார் யார் என்று ஒரு வாரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கேட்பது ஒன்றுதான். முதல் மாதம் வைக்கிற அடிப்படைத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இவர்களை 'மெல்ல மலரும் மாணவர்' பட்டியலில் எழுதிவிடாதீர்கள். பட்டியல் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும், தெரியும். ஆனால் காலாண்டுத் தேர்வு வரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்.

ஏன் என்றால், இந்த செட்டுக்கு ஒரு ராசி. 2018 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தார்கள். இரண்டாம் வகுப்பு முடிகிற மார்ச்சில் கொரோனா வந்து பள்ளியைப் பூட்டினோம். மறுபடி 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தபோது நாலாம் வகுப்பில் இருந்தார்கள். கூட்டெழுத்துப் படிக்க வேண்டிய மூன்றாம் வகுப்பு மொத்தமும் போய்விட்டது. அடுத்த வருடம், விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் பிடிக்க 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, ஒன்று முதல் மூன்று வரைக்கும். இவர்கள் ஐந்தாம் வகுப்பு. 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும். இவர்கள் அந்த ஜூனில்தான் ஆறாம் வகுப்பு ஏறியிருந்தார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வந்து சேருகிற ஆட்கள் மாதிரி, எல்லாவற்றிலும் ஓரிரு வருடம் தவறியவர்கள். இல்லம் தேடிக் கல்விக்கு மட்டும் இவர்கள் சரியான வயதில் அகப்பட்டார்கள். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஊர்ப்பெண் ஒருத்தி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். இன்று இவர்கள் தடங்கலில்லாமல் வாசிப்பதில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணின் உழைப்பு. அதை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

காலை உணவு என்றதும் முதலில் ஒருவனைச் சொல்ல வேண்டும். குள்ளமாக இருப்பான், பிரேயரில் முதல் ஆளாக நிற்பான். தங்கை இரண்டாம் வகுப்பு. காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு எட்டரைக்கே வந்துவிடுவான். அவள் உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுவாள்; இவன் பக்கத்தில் நின்று தட்டைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்ப்பான். சமைக்கிற அக்கா ஒரு கரண்டி வைத்தால், "எனக்குப் பேரு இல்ல அக்கா" என்பான். மதியம் சத்துணவில் முட்டை வந்தால் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைத் தங்கை தட்டில் போடுவான். அவளுக்கு மஞ்சள் பிடிக்காது, அதனால் இது தியாகம் ஒன்றுமில்லை, ஏற்பாடுதான். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு, மதியத்துக்குக் கவலையில்லை. காலையில் பிரேயரில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால் மட்டும் நடிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பான். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

இரட்டையர் இருவர். அண்ணன் யார் தம்பி யார் என்று எனக்கே சில நாள் குழப்பம். சான்றிதழில் ஒருவனுக்கு இடது முன்கையில் தீத்தழும்பு என்று எழுதியிருக்கிறேன்; கரிமூட்டத்தில் பட்டது. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுவதை நீங்களும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, தழை போட்டு, மேலே மண்ணால் மூடித் தீ வைத்துவிட்டால் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகையும். எங்காவது மண் உள்வாங்கி ஓட்டை விழுந்தால் காற்றுப் புகுந்து கரி சாம்பலாகிவிடும். ராத்திரி அதைப் பார்த்து மண் அணைப்பது இவர்கள் வேலை. எரிதல் பாடம் நடத்தினேன். ஆக்சிஜன் போதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே மூச்சில், "அப்பதான் டீச்சர் கரி கிடைக்கும்" என்றார்கள். வெள்ளைப் புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் மூட்டம் வெந்துவிட்டது என்பது வரை சொன்னார்கள். அன்று மீதிப் பாடத்தை அவர்களே நடத்தினார்கள்.

இவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு பேர் விடைத்தாளிலும் ஒரே தப்பு இருக்கும். பார்த்து எழுதியதாகத்தான் யாருக்கும் தோன்றும். எனக்கும் சந்தேகம் வந்து ஒருவனைத் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். அப்போதும் அதே தப்பு, அதே இடத்தில். இரண்டு பேரும் ராத்திரி ஒரே புத்தகத்தை ஒன்றாகத் தப்பாகப் படிக்கிறார்கள், வேறொன்றுமில்லை. ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரித்துப் போட்டீர்களானால் இருக்கிற புத்தகமும் போய்விடும்.

ஊர் முழுக்க மனு எழுதிக் கொடுக்கிற ஒருத்தி வருவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதியோர் பென்ஷன் நின்றுபோன கிழவி, பட்டா மாறாதவர், ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவர், எல்லாரும் சாயங்காலம் இவள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம் என்று இவள் எழுதிக்கொண்டு போகும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் பாட்டியோடு ராமநாதபுரம் போய் வந்தவள், மனு நம்பர் வாங்காமல் யாரையும் திரும்ப விடமாட்டாள். ஊருணிப் படித்துறையில் இப்போது எரிகிற விளக்கு இவள் எழுதியதுதான். இதில் ஒரே ஒரு தொல்லை: தமிழ்த் தேர்வில் திருக்குறளுக்குப் பொருள் எழுதச் சொன்னாலும் கடைசியில் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துவிடுவாள். மதிப்பெண் குறைக்க எனக்கு மனசு வந்ததில்லை. நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள், பழக்கம் போகட்டும்.

எட்டாம் வகுப்பு விட்டுப் போகிறவர்கள் பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தருவது வழக்கம். பெரும்பாலும் சுவர்க் கடிகாரம். எங்கள் கூடத்தில் பழைய செட்டுகள் மாட்டிய கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன. இந்த வருடம் காசு சேர்த்ததும் இவள் எழுந்து, கடிகாரம் வேண்டாம் என்றாள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினார்கள். ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்து பையன்களே முடுக்கினார்கள். ஆகவே உங்கள் பள்ளியில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையோ, ஜூன் முடிவதற்குள் அதைப் பற்றி ஒரு மனு உங்கள் மேசைக்கு வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பூரிலிருந்து ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒருவன் இருக்கிறான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினார்கள். வந்த புதிதில் "ஏனுங் டீச்சர்" என்று ஆரம்பித்தால் வகுப்பே சிரிக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக்கூட "இங்க வாங்க, மூக்கத் தொடச்சுக்கோங்க" என்பான். எங்கள் பிள்ளைகளுக்கு 'வாடா போடா' தவிர வேறு தெரியாது. இப்போது கேட்டுப் பாருங்கள், கபடி ஆடும்போதே "அவுட்டுங்க, வெளிய போங்க" என்கிறார்கள். யூனிபார்மில் நூல் பிரிந்து தொங்கினால் அவன் கண்ணுக்குத் தப்பாது. உட்கார வைத்துப் பிசிறு வெட்டிவிட்டுத்தான் அனுப்புவான். உங்கள் சட்டையாக இருந்தாலும்.

சித்திரங்குடிப் பறவைகள் சரணாலயம் எங்களுக்குத் தூரமில்லை. மழை பெய்து கண்மாய் பெருகிய வருடம் நாரைகள் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். அந்தக் காலத்தில் ஜன்னலோரம் உட்காருகிற ஒருவன் பாடத்தில் இருக்கமாட்டான். புத்தகம் பார்த்துக் கற்றதில்லை. றெக்கை அடிக்கிற தினுசை வைத்தே மஞ்சள்மூக்கு நாரையா, நத்தைகுத்தியா, கூழைக்கடாவா என்று சொல்லுவான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைச் சொன்னபோது, "ராம்சார்ங்கிறது யாரு டீச்சர்?" என்றான். ஆள் இல்லை, ஈரானில் ஒரு ஊர், 1971-இல் சதுப்பு நிலங்களைக் காக்க அங்கேதான் ஒப்பந்தம் போட்டார்கள் என்றேன். "அந்த ஊர்லயும் கருவேலம் இருக்குமா?" என்று அடுத்த கேள்வி. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசும்போதெல்லாம் இவனுக்கு முகம் வாடிவிடும். அதில் கூடு இருக்கிறதே என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மரத்தை எடுக்கச் சொல்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தச் சண்டையை நான் தீர்த்து வைக்கவில்லை, உங்கள் அறிவியல் ஆசிரியருக்கு விட்டுவைத்திருக்கிறேன். ஜன்னலோர இடத்தை மட்டும் அவனிடமிருந்து பறிக்காதீர்கள். நடத்தியதைக் கேட்டால் திரும்பச் சொல்லிவிடுவான். காது இங்கேதான் இருக்கும்.

எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் தேறியவள் ஒருத்தி. மனத்திறனில் 90, படிப்பறிவில் 90 என்று 180 கேள்வி. விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போட்டுவிட்டாள். ரப்பர் கேட்டால் தரமாட்டாள், கணக்குக் கேட்டால் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். இரட்டையர் இருவரும் வகுத்தல் போடுவது இவள் புண்ணியம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் இவளுக்கு வர வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களில் யாராவது ஒருவர் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து சொல்லப்போகிறவளைப் பற்றித்தான் எனக்கு ராத்திரி யோசனை ஓடுகிறது. எங்கள் பள்ளியின் சாவி, மணி, வருகைப் பதிவேட்டு அலமாரி எல்லாம் மூன்று வருடமாக இவள் பொறுப்பில்தான் இருந்தன. ஆனாலும் பல நாள் தாமதமாக வருவாள். எங்கள் ஊரில் குடிதண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது பிடித்தால்தான் உண்டு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். இவள்தான் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஈரப் பாவாடையோடு ஓடி வந்து பத்து மணிக்குக் கணக்குப் பாடத்தில் உட்காருவாள். முந்தின பாடத்தை யாரிடமாவது வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்துவிடுவாள். ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை.

எட்டாம் வகுப்போடு போதும் என்றுதான் அவள் வீட்டில் முதலில் சொன்னார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு கையை விரித்துவிடுகிறது. அதற்கு மேல் நம் வாய்ச்சொல்தான். அம்மாவிடம் பேசி, அப்பத்தாவிடம் பேசி, மாமா ஒருவர் குறுக்கே வர அவரிடமும் பேசி, கடைசியில் சம்மதித்தார்கள். ஒரு நிபந்தனையோடு. நாலே முக்கால் பஸ்ஸில் பிள்ளை வீடு திரும்ப வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டிய பிறகு. கருவேலங்காட்டு வழியாகப் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கவும் வேண்டும்.

நீங்கள் மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கிறீர்கள். பிள்ளைகள் தேற வேண்டும் என்றுதான் வைக்கிறீர்கள், உங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்து வைக்கிறீர்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் போன வருடங்களில் எங்கள் ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு போய் இடையில் நின்ற பெண் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, படிப்பு வரவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, பஸ்ஸைத்தான் சொன்னார்கள். சிறப்பு வகுப்பைக் காலையில் வைக்க முடியுமா, அல்லது மதிய இடைவேளையில் அரை மணி நேரம் எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். இல்லையென்றால், கிராமத்துப் பஸ் பிள்ளைகளை நாலரைக்கு விட்டுவிடுங்கள். மற்றவர்கள் முன்னால் எழுந்து நின்று, "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்று தினமும் கேட்க வைக்காதீர்கள். தினமும் கேட்க வேண்டியிருந்தால் இவள் கேட்கமாட்டாள், நின்றுவிடுவாள். அந்த வீம்பு எனக்குத் தெரியும்.

இன்னும் ஒருவன் பாக்கி. கீதாரி வீட்டுப் பையன்.

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இவர்கள் குடும்பம் கிளம்பிவிடும். தரிசாகக் கிடக்கிற வயலில் ராத்திரி கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், ஆட்டுக் கணக்குக்கு இவர்களுக்குக் காசு. மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் வந்து, வயலில் ஏர் இறங்குகிறவரை அங்கேதான். ஜூன் 12-இல் அணை திறந்தால் ஒரு கணக்கு, தள்ளிப் போனால் வேறு கணக்கு. ஆகவே இவன் எப்போது பள்ளிக்கு வருவான் என்பது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. சிரிப்புக்குச் சொல்லவில்லை. அவன் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், தை மாசிக்குப் பிறகு ஆப்சென்ட்டாகவே போகும்.

வாசிப்புத் தட்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். கணக்கு வேறு கதை. பட்டியிலிருந்து ஆடு வெளியேறும்போது எண்ணவே மாட்டான். பார்த்துவிட்டு, "ரெண்டு குறையுது, ஒண்ணு காதறுந்தது" என்பான். இத்தனை ஆடு, இத்தனை ராத்திரி, குட்டிகள் கணக்கில் சேராது, முன்பணம் கழித்தால் மீதி எவ்வளவு என்பதை வாயாலேயே போட்டுச் சொல்லுவான். அதையே விகிதக் கணக்காகக் கரும்பலகையில் எழுதினால் விழிப்பான். இது ஆட்டுக் கணக்குதான்டா என்றால் போட்டுவிடுவான். குட்டி போட்ட ஆடுகளைப் பார்த்து, குடாப்பு என்கிற கவிழ்த்த கூடைக்குள் குட்டிகளை அடைத்து, நரி வராமல் ராத்திரி விழித்திருக்கிற பையன் பகலில் தூங்குவான். தூங்கட்டும், முதல் வாரத்துக்கு மட்டும்.

முழு ஆண்டுத் தேர்வு எழுத மன்னார்குடிப் பக்கமிருந்து தனியாக பஸ் ஏறி வந்தான். தேர்வு முடிந்து பிரிவு உபசாரத்துக்கு நிற்கவில்லை. அப்பா தனியாக ஆடு பார்க்கிறார் என்று அன்றே திரும்பிப் போனான். குரூப் போட்டோவில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள்.

பள்ளி திறக்கிற அன்று உங்களிடமும் எட்டுப் பேர்தான் வருவார்கள். இவனுக்காக அவன் அப்பத்தா மாற்றுச் சான்றிதழைக் கொண்டு வந்து, கைநாட்டு வைத்துச் சேர்த்துவிட்டுப் போவார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசுங்கள். ஆதாரில் அவன் பெயர் ஒரு மாதிரியும் எமிஸில் ஒரு மாதிரியும் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு அலைச்சல் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே சரிசெய்துவிட வேண்டும், அதற்கான தாள்களைச் சான்றிதழோடு பின் போட்டு அனுப்புகிறேன். பையன் ஆடி பிறந்துதான் வருவான். அதுவரைக்கும் அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எமிஸில் நீண்ட நாள் வராதவர் என்று காட்டி யாராவது விளக்கம் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு ஆசிரியை